ஆறடி

மேல்விஷாரத்தில் மூன்று ஸ்டூடியோ இருக்கிறது.
மூன்றையும் தாண்டி பஸ் ஏறி
கிரீன் சர்க்கிளில் இறங்கி
வேலூர் மே மாத வெயிலில் நடந்து
என் மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்
அண்ணன் முனவ்வர்.

"ஹஜ்ஜுக்குப் படம் வேணும். வெள்ளை பின்னாடி."
ஆறு வருஷத்துக்குப் பிறகு
அஞ்சு வார்த்தை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்
கிளம்புமுன் வீடு வீடாகப் போய்
கடன் தீர்ப்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள்.
அது எனக்கும் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.
இப்போதைக்குப் படம்.

அலமாரியைத் திறந்தேன்.

இருபத்திநாலு, கல்யாண மண்டபத்துக்கு.
பந்தி முழுக்க ஒரே இலையாய் விரித்துக் காட்டும்.
முகத்துக்குக் கிட்டத்தில் வைத்தால்
மூக்கு முன்னால் வந்து நிற்கும்
காது ரெண்டும் ஒளிந்துகொள்ளும்.
ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது,
அந்த மூக்கை இன்னும் பெரிதாக்கி
ஜித்தா வரைக்கும் அனுப்பிவைக்க.
வைத்துவிட்டேன்.

ஐம்பது, கடனில் வாங்கியது.
கடன் தீருமுன் பூஞ்சை பிடித்துவிட்டது.

நூற்று முப்பத்தைந்து
சத்துவாச்சாரி டாக்டர் ஒருவர்
பறவை பார்ப்பதை விட்டபோது விற்றது.
தள்ளி நின்றே தோலின் துளை எண்ணும்.
இதுதான் நமக்குச் சரி என்று
மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.
போதவில்லை. கதவைத் திறந்தேன்.
போதவில்லை. ரெண்டு படி இறங்கினேன்.
இப்போது அவர் செருப்புதான் தெரிந்தது.

"எங்கடா போறே?"

டா.
படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசியில் எண்பத்தைந்து.
முகத்துக்கென்றே செய்தது என்பார்கள்.
புகழவும் செய்யாது, காட்டிக்கொடுக்கவும் செய்யாது.
ஆனால் இதற்கு ஆறடி வேண்டும்.
டேப் வைக்காமலே
எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்த அளவு அது:
அவர் சுவருக்கும் என் சுவருக்கும் நடுவே
ஆட்டோ போகும், வேன் போகாது,
ராணிப்பேட்டை கோர்ட்டில்
இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் சந்து.

அதன் அந்தக் கோடியில் ஸ்டூலில் அவர்.
இந்தக் கோடியில் நான்.

வாடிக்கையாளர் யாரும் நம்பாத ஒன்று:
மூக்கை நீட்டுவதும் முகத்தைத் தட்டையாக்குவதும்
லென்ஸ் இல்லை.
நாம் நிற்கிற இடம்.
எதுவரை வெட்டுவது என்பதை மட்டும்
லென்ஸ் சொல்லும், சர்வேயர் மாதிரி.

"தாடை கொஞ்சம் கீழ."
இறங்கவில்லை.
"இடது பக்கம்."
வலது பக்கம் திரும்பினார்.
வக்கீலிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போய்
ரெண்டு விரலால் தாடையைத் தொட்டு இறக்கினேன்.
மருதாணிச் சிவப்புக்கு அடியில்
தாடி வேரோடு வெளுத்திருந்தது.
சட்டைப்பையில் மாத்திரை அட்டை.
சர்க்கரை வந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அவர் கண்ணை மூடிக்கொண்டார்
முடிவெட்டுகிறவனிடம் தலையைக் கொடுத்த பையன் மாதிரி.
"கண்ண தொறங்க," என்றேன்.
இன்னும் கொஞ்சம் கழித்துச் சொல்லியிருக்கலாம்.

திரும்பவும் ஆறடி.
நாலு படம்.
முகம் முக்கால்வாசி, நிழல் இல்லை, சிரிப்பும் இல்லை.
எட்டு காப்பி, நூற்றைம்பது ரூபாய்.
பேரம் பேசாமல் கொடுத்தார்.
மீன்காரியிடம் கூட அப்படிக் கொடுத்ததில்லை.

சாயங்கால மண்டப வேலைக்கு
நான் இருபத்திநாலை மாட்டிக்கொண்டிருந்தபோது
உறையைப் பையில் வைத்தவர் போகாமல்
மிகக் கிட்டத்தில் வந்து நின்றார்.
கை பட்டு ஷட்டர் விழுந்தது.
நிமிர்வதற்குள்
"வரேன்" என்று படியிறங்கிவிட்டார்.

ராத்திரி கம்ப்யூட்டரில் பார்த்தேன்.
திரை முழுக்க மூக்கு.
காதைக் காணோம்.
வாய் பாதி திறந்து
வரேன் என்பதைவிட நீளமான ஏதோ ஒன்றைத் தொடங்கியிருக்கிறது.
எந்த நாட்டு விசாவுக்கும் ஆகாத படம்.

அழிக்கவில்லை.

வியாழக்கிழமை வாய்தா.